நாடகம் முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது? அயர்லாந்தின் ஆவணங்களைப் பற்றி ஓர் இழை

#1 மேடைப்பித்தன்

வணக்கம் நண்பர்களே. நாவலாசிரியர் போனாலும் நாவல் இருக்கும். ஓவியர் போனாலும் படம் சுவரில் தொங்கும். நாடகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, விளக்கை அணைத்தால் ஆச்சு. அப்படியிருக்க, நூறு வருஷத்துக்கு முந்தைய டப்ளின் மேடையைப் பற்றி மட்டும் நேற்றுப் பார்த்ததுபோல எப்படி எழுதுகிறார்கள் என்று தேடப் போனேன். அங்கே மாட்டியவர் ஜோசப் ஹாலவே.

தொழிலில் கட்டடக் கலைஞர். 1904-இல் ஆனி ஹார்னிமன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பணம் போட, மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் அரங்கையும் அதை ஒட்டியிருந்த பழைய பிணவறையையும் சேர்த்து, பின்னால் அயர்லாந்தின் தேசிய நாடக அரங்காக ஆன அபி தியேட்டராக மாற்றிக் கொடுத்தவர். வேலை முடிந்தது, கூலி வந்தது என்று அவர் கிளம்பிவிடவில்லை. தான் புதுப்பித்த அரங்கிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். 1904 டிசம்பர் 27 அன்று அபி திறந்தது. 1944-இல் ஹாலவே இறந்தார். இடைப்பட்ட காலத்தில் டப்ளினில் அவர் பார்க்காத நாடகத்தைத்தான் தேட வேண்டும். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுதுவார். யார் நன்றாக நடித்தார், யார் வசனம் மறந்தார், இடைவேளையில் வாசலில் யார் யாரைப் பற்றிப் புறம் பேசினார் எல்லாமே உண்டு. மொத்தம் 221 தொகுதிகள், ஏறக்குறைய ஒரு லட்சம் பக்கங்கள். இப்போது டப்ளின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

என் கட்சி இதுதான்: நிறுவனங்கள் சேர்த்துவைத்த எதுவும் இந்த ஒரு மனிதரின் கிறுக்குக்கு ஈடாகாது. ஒத்துக்கொள்கிறீர்களா? அயர்லாந்தின் நாடகம், இலக்கியம் பற்றிய ஆவணத் தொகுப்புகளில் பழக்கம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

#2 பழுப்புத்தாள்

பாதி ஒத்துக்கொள்கிறேன். நான் வேறொரு நாட்டில் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவன், அதனால் இந்த மாதிரி நாட்குறிப்பு என்றால் கொஞ்சம் உஷாராகத்தான் தொடுவேன்.

ஹாலவேக்குக் காது நல்ல காது. ரசனை அப்படி இல்லை. 1907 ஜனவரி 26-இல் ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங்கின் 'பிளேபாய்' நாடகம் அபியில் அரங்கேறியபோது கூட்டம் கூச்சல் போட்டது, அந்த வாரம் முழுக்க ரகளை, அரங்குக்குள் போலீஸ். ஹாலவேயின் அனுதாபம் கூச்சல் போட்டவர்கள் பக்கம். சிங்கின் எழுத்தே அவருக்குப் பிடிக்காது. அவர் ஒருவரை மட்டும் நம்பினால், இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான நாடகங்களில் ஒன்றை 'அசிங்கம்' என்று ஒதுக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதே இரவுக்கு வேறு சாட்சிகளும் இருக்கின்றன. அபியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கவிஞர் யேட்ஸ் அன்று ஸ்காட்லாந்தில் சொற்பொழிவில் இருந்தார். அவரோடு சேர்ந்து அபியைத் தொடங்கிய லேடி கிரெகரி அவருக்கு முதலில் ஒரு தந்தி அடித்தார், நாடகம் பெரிய வெற்றி என்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தந்தி, கூட்டம் கலைந்து ரகளையாகிவிட்டது என்று. ஒரே ராத்திரியில் இரண்டு தந்தி! பத்திரிகை விமர்சனம், ஹாலவேயின் நாட்குறிப்பு, இந்தத் தந்திச் செய்தி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்போதுதான் அந்த இரவு எழுந்து நிற்கும். தனி மனிதரின் கிறுக்கு மட்டும் போதாது, அதைச் சரிபார்க்க நிறுவனத்தின் காகிதமும் வேண்டும்.

#3 நாலாம்சுவர்

எனக்கு இரண்டுமே வேண்டாம். பதினைந்து வருஷமாக மேடையில் இருக்கிறேன். பிரதி, புகைப்படம், நாட்குறிப்பு எல்லாம் சாப்பாடு முடிந்த பிறகு கிடக்கிற இலை. அதைப் பார்த்து ருசியைச் சொல்ல முடியுமா?

#4 மேடைப்பித்தன்

இலையைப் பார்த்து என்ன பரிமாறினார்கள், எதை ஒதுக்கினார்கள் என்றாவது சொல்லலாம் இல்லையா அண்ணே :)

#5 கால்வேக்காற்று

நாலாம்சுவர் அண்ணா, கால்வே பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹார்டிமன் நூலகத்துக்கு ஒருநாள் வந்து உட்காருங்கள், மனசு மாறும். நான் இங்கே ஆய்வு மாணவி.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1951 ஜூலை 18 அதிகாலை அபி தியேட்டர் தீப்பற்றி எரிந்தது. முந்தின இரவு அங்கே ஓடியது நாடகாசிரியர் ஷான் ஓகேசியின் நாடகம், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் எரிவதோடு முடிகிற அதே நாடகம். நுழைவுக் கூடத்தில் இருந்த உருவப்படங்களைக் காப்பாற்றிவிட்டார்கள். மறுநாளே பக்கத்துச் சின்ன அரங்கான பீகாக்கில் நாடகம் போட்டார்கள். ஆனால் சொந்தக் கட்டடம் திரும்பக் கிடைக்க சரியாகப் பதினைந்து வருஷம் ஆனது, 1966 ஜூலை 18. அதுவரை குவீன்ஸ் தியேட்டரில் வாடகைக் குடித்தனம். அது பெரிய அரங்கு, நாற்காலியை நிரப்பியாக வேண்டும், அதனால் அந்தக் காலத்துப் பட்டியலில் சிரிப்பு நாடகங்கள் வரிசை கட்டி நிற்கும். அபியின் தரம் கெட்டது என்று திட்டுகிறவர்கள் வாடகைக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

2012-இல் அபியும் எங்கள் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டு, மிஞ்சியதையெல்லாம் டிஜிட்டலாக்க ஆரம்பித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், துண்டுகள். பிரதிகள், நிகழ்ச்சி நிரல்கள், உடை வரைபடங்கள், விளக்குத் திட்டங்கள், சுவரொட்டிகள், ஒலிநாடாக்கள், வீடியோ, இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பேடுகள்.

இதில் எனக்கு உயிர் பிராம்ப்ட் பிரதிதான். மேடை மேலாளர் கையில் வைத்திருக்கிற பிரதி. ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் பென்சில் குறிப்புகள். இந்தச் சொல்லில் விளக்கு மங்க வேண்டும், இந்த இடத்தில் கதவுச் சத்தம், இவர் இடப்பக்கமாக வெளியேற வேண்டும். நான்கு வரி வசனத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 'வேண்டாம்'. அப்புறம் அந்தக் கோட்டையே அழித்த தடம். ஒத்திகையில் வெட்டி, ஏதோ காரணத்தால் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியும். அச்சுப் புத்தகத்தில் இந்தச் சண்டை எதுவும் இருக்காது. ஒரே நாடகத்தை அபி பல காலகட்டத்தில் போட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிரதி. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு தலைமுறை எதைத் தாங்கமுடியாமல் வெட்டியது, அடுத்தது எதைத் துணிந்து சேர்த்தது என்று பென்சில் தடத்திலேயே தெரிந்துவிடும்.

அபி மட்டும் இல்லை. 1975-இல் இதே ஊரில் ஆரம்பித்த டிரூயிட் குழு, 1928-இலிருந்து ஐரிஷ் மொழியிலேயே நாடகம் போடும் தைவ்யார்க், வட அயர்லாந்துத் தலைநகர் பெல்பாஸ்ட்டின் லிரிக் தியேட்டர் ஆகியவற்றின் காகிதங்களும் இங்கேதான்.

#6 நாலாம்சுவர்

அந்த அழித்த கோடு விஷயம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் குழுவில் பிராம்ப்ட் பிரதியை ஒத்திகை முடிந்ததும் டீக்கடையில் விட்டுவிட்டு வருவோம்.

டிஜிட்டல்தானே, சுட்டி கொடும்மா, இங்கிருந்தே பார்க்கிறேன்.

#7 கால்வேக்காற்று

அங்கேதான் சிக்கல். அபியின் முழுத் தொகுப்பையும் எங்கள் நூலகத்துக்குள் வந்துதான் பார்க்க முடியும். நாடகாசிரியர், வடிவமைப்பாளர், வீடியோவில் வருகிற நடிகர் என்று ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது. ஆரம்ப காலக் கூட்டக் குறிப்பேடுகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அதைப் பாருங்கள். சம்பளம் யாருக்கு எவ்வளவு, எந்த நாடகத்தைத் திருப்பி அனுப்புவது என்று வரி வரியாக இருக்கும்.

#8 தேநீர்க்கடை

டிஜிட்டலாக்கிவிட்டு அறைக்குள் பூட்டிவைப்பது என்ன நியாயம்? குளத்தை வெட்டிவிட்டு வேலி போட்ட கதையாக இருக்கிறது. அரசு மானியத்தில் ஓடும் தியேட்டர்தானே?

#9 பழுப்புத்தாள்

மானியம் வாங்குவது உண்மை. 1925-லேயே அரசு மானியம் பெற்றது, ஆங்கிலம் பேசும் நாடுகளில் அப்படிப் பெற்ற முதல் தியேட்டர் அது. ஆனால் மானியம் கொடுத்ததால் நாடகாசிரியரின் உரிமை அரசுக்குப் போய்விடாது. காப்புரிமை இல்லாவிட்டால் பலர் காகிதத்தையே கொடுக்க மாட்டார்கள். பூட்டிய அறையில் பிரதி இருப்பதா, வெளியே பிரதியே இல்லாமல் போவதா என்றால் நான் பூட்டிய அறையைத்தான் கேட்பேன்.

காப்புரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அயர்லாந்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004-இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் கதை நடக்கும் நாளுக்கு நூறாண்டு. தேசிய நூலகம் தன்னிடமிருந்த ஜாய்ஸ் கையெழுத்துப் பிரதிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட நினைத்தது. காட்டினாலே உரிமை மீறல் என்று ஜாய்ஸ் வாரிசுத் தரப்பு வழக்குப் போடக்கூடும் என்ற பயம். கடைசியில் நாடாளுமன்றத்தில் அவசர அவசரமாகக் காப்புரிமைச் சட்டத்தையே திருத்தினார்கள்! காசு கொடுத்து வாங்கிய காகிதத்தைக் கண்ணாடிக்குள் வைக்க ஒரு சட்டம். 2011 முடிவில் ஜாய்ஸின் காப்புரிமைக் காலம் முடிந்தது, 2012-இல் அதே பிரதிகளை நூலகம் இணையத்தில் இலவசமாக ஏற்றிவிட்டது.

#10 லிஃபிக்கரை

ஜாய்ஸ் பேச்சு வந்துவிட்டது, சும்மா இருக்க முடியவில்லை. டப்ளினில் வேலை, சனிக்கிழமைகளில் கில்டேர் தெரு தேசிய நூலகத்தில் பொழுது. மேடைப்பித்தன் கட்சிக்கு ஹாலவேயைவிட வலுவான சாட்சி ஒருவர் இருக்கிறார், பால் லியோன்.

ரஷ்யாவில் பிறந்த யூதர். பாரிசில் ஜாய்ஸின் நண்பர், கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் சம்பளமில்லாமல் செய்தவர். 1940-இல் ஜெர்மானியர்கள் பாரிசைப் பிடித்துவிட்டார்கள். ஜாய்ஸ் குடும்பம் ஏற்கெனவே நகரத்தை விட்டுப் போயிருந்தது. பிளாட்டில் காகிதங்கள் அப்படியே கிடந்தன, வாடகை பாக்கி வேறு. யூதர்கள் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் பாரிசுக்குத் திரும்பி வந்து அந்தப் பிளாட்டுக்குள் போய்க் காகிதங்களை அள்ளினார். பிற்பாடு வீட்டுக்காரர் பாக்கிக்காகச் சாமான்களை ஏலம் விட்டபோது, சிலவற்றைத் தன் கைக்காசைக் கொடுத்து மீட்டார். எல்லாவற்றையும் பாரிசில் இருந்த ஐரிஷ் ராஜதந்திரி கவுண்ட் ஓகெல்லியிடம் ஒப்படைத்து, டப்ளின் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும், ஜாய்ஸ் இறந்து ஐம்பது வருஷம் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்.

ஜாய்ஸ் 1941 ஜனவரி 13 அன்று ஜூரிச்சில் இறந்தார். அந்த ஆகஸ்டில் லியோனைக் கைது செய்தார்கள். 1942-இல் ஆஷ்விட்சில் கொன்றுவிட்டார்கள். சொன்ன சொல்படி 1991-இல்தான் அந்தக் காகிதங்கள் திறந்தன.

இன்னும் இருக்கிறது. லியோன் வைத்திருந்தவற்றில் ஒரு பகுதி அவருடைய குடும்பத்திடமே இருந்தது. 2002-இல் தேசிய நூலகம் அதை 1.26 கோடி யூரோவுக்கு வாங்கியது. 'யுலிசிஸ்' வரைவுகளும் குறிப்பேடுகளும் அதில்தான். இந்தத் தொகை சரியா தப்பா என்று டப்ளினில் இப்போதும் கேட்டால் இரண்டு கட்சி கிளம்பும். என்னைக் கேட்டால், உயிரோடு இருந்தபோது ஜாய்ஸை ஊரைவிட்டு ஓட வைத்ததற்கு ஒரு நாடு கட்டிய அபராதம் அது. குறைச்சல்தான்.

#11 மேடைப்பித்தன்

லியோன் கதை தெரியாது. நன்றி லிஃபி அண்ணா. இரண்டு தடவை படித்தேன்.

#12 தேநீர்க்கடை

அபராதம் நல்ல பிரயோகம். ஆனால் ஜாய்ஸை அவர்கள் நாடு கடத்தவில்லை, அவராகத்தான் போனார். சரி, அது வேறு இழை.

என் கேள்வி: ஐரிஷ் எழுத்தாளர் காகிதம் என்று தேடினால் பாதி அமெரிக்காவில்தானே இருக்கிறது? டெக்சாஸ், பஃபலோ, அட்லாண்டா என்று. டப்ளின்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா?

#13 பழுப்புத்தாள்

தூங்கவில்லை, கையில் காசு இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் காசோலையோடு வந்தன. ஐரிஷ் எழுத்தாளருக்கும் கூரை ஒழுகும், பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு வரும்.

ஆனால் ஒரேயடியாகக் கொள்ளை என்று சொல்லவும் முடியாது. கேட் தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் ஹில்டன் எட்வர்ட்ஸ், மைக்கேல் மாக் லீயமோர் என்ற இருவர் ஆரம்பித்தது. (மாக் லீயமோர் லண்டனில் பிறந்த ஆங்கிலேயர், பெயர் ஆல்ஃபிரட் வில்மோர். ஐரிஷ் பெயர், ஐரிஷ் மொழி, ஐரிஷ் பிறப்பு எல்லாம் அவரே தனக்குத் தயாரித்துக்கொண்டது. நாட்டிலேயே பெரிய நடிப்பு அதுதான்.) அவர்களுடைய அரை நூற்றாண்டுக் காகிதங்கள் சிகாகோ பக்கத்து நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, ஒழுங்காகப் பட்டியலிட்டு. டப்ளினில் ஏதோ பரணில் கிடந்திருந்தால் இன்று என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா, நான் பரண்களைப் பார்க்கிறவன்.

நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் தன் காகிதங்கள் பலவற்றைத் தானாகவே இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 2013-இல் அவருடைய 'மர்ஃபி' நாவலின் ஆறு நோட்டுப் புத்தகங்கள் ஏலத்துக்கு வந்தபோது அதே ரெடிங் 962,500 பவுண்டுக்கு எடுத்தது. ஓரங்களில் பேனாவால் கிறுக்கிய படங்கள் இருக்கின்றன. ஒன்று ஜாய்ஸ், ஒன்று சார்லி சாப்ளின். எழுத்து ஓடாதபோது பெக்கெட்டின் கை எங்கே போனது என்று அதில் தெரியும். அச்சில் இது வரவே வராது.

கவிஞர் ஷேமஸ் ஹீனி நடுவழி போனார். கடிதங்களில் பெரும்பகுதியை 2003-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். கவிதை வரைவுகளை 2011-இல் டப்ளின் தேசிய நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார், காசு வாங்காமல். நாடகாசிரியர் பிரையன் ஃப்ரீலின் காகிதங்களும் அங்கேதான்.

#14 நாலாம்சுவர்

ஹீனியைப் படிக்க இரண்டு விமான டிக்கெட். நல்ல நடுவழி.

#15 பெல்பாஸ்ற் பொடியன்

எல்லோரும் டப்ளினையும் கால்வேயையும் மட்டும் கதைக்கிறீர்கள், வடக்கே ஒரு தெரு தள்ளி நாங்களும் இருக்கிறோம் :)

பெல்பாஸ்ற்றில் லினன் ஹோல் நூலகம், 1788-இல் தொடங்கியது. கீழே தேத்தண்ணி குடிக்கலாம், மேலே நாடக ஆவணம் பார்க்கலாம். ஆனால் அதன் பெயர் பெற்ற தொகுப்பு வேறு. 1968-இல் நகர நடுவில் ஒரு மதுக்கடையில் அந்த நூலகரின் கையில் யாரோ ஒரு குடிமை உரிமை இயக்கத் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மனிசன் அதைக் கசக்கி எறியாமல் நூலகத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். அதிலிருந்து, வட அயர்லாந்து பிரிட்டனோடேயே இருப்பதா அயர்லாந்தோடு சேருவதா என்ற முப்பது வருடச் சண்டை முழுக்க, எல்லாத் தரப்பின் துண்டுப்பிரசுரம், சுவரொட்டி, சட்டையில் குத்தும் பட்ஜ், நத்தார் வாழ்த்து மட்டை வரைக்கும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்துக்காரன் மற்றப் பக்கத்துக் காகிதத்தைத் தொடக்கூட விரும்பாத காலத்தில், இரண்டும் ஒரே அலுமாரியில் இருந்தது. கனபேர் இதை அரசியல் ஆவணம் என்று மட்டும் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து நாடகத்தை விளங்க வேண்டுமென்றால் அந்தத் துண்டுப்பிரசுரங்களும் வேணும். 1980-இல் ஃப்ரீலும் நடிகர் ஸ்டீபன் றேயும் ஃபீல்ட் டே குழுவைத் தொடங்கி டெரி நகர மண்டபத்தில் முதல் நாடகம் போட்டபோது வெளியே தெருவில் என்ன ஒட்டியிருந்தது என்று தெரியாமல் உள்ளே ஏன் அப்படிக் கைதட்டினார்கள் என்று எப்படிச் சொல்வது?

லிரிக் தியேட்டரும் அப்படித்தான். 1951-இல் ஓமாலி தம்பதி தங்கள் வீட்டுக்குள்ளேயே சின்ன மேடை போட்டு யேட்ஸின் நாடகங்களை நடத்தித் தொடங்கியது. அதன் காகிதம் கால்வேக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை, தங்கச்சி கோபிக்க வேண்டாம்.

#16 கால்வேக்காற்று

கோபமே இல்லை அண்ணா, பஸ் ஏறி வாருங்கள்.

#17 அடுப்பங்கரை

இலக்கியம், நாடகம் சரி. 'பண்பாட்டு வாழ்க்கை' என்றால் பாட்டிகள் எங்கே? நான் நாட்டாரியல் படித்தவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

1935-இல் ஐரிஷ் அரசு நாட்டாரியல் ஆணையம் ஒன்றை அமைத்தது. சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்ற மெழுகு உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு மேற்குக் கரைக் கிராமங்களுக்குப் போனார்கள். கதைசொல்லி பேசப் பேசக் குரல் மெழுகில் பதியும். ராத்திரி உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் மெழுகைச் சீவி வழவழப்பாக்கி அடுத்தவருக்குப் பயன்படுத்துவார்கள், உருளை வாங்கக் காசில்லை. அதனால் பெரும்பாலான கதைசொல்லிகளின் சொல் இருக்கிறது, குரல் இல்லை. நாடக ஆவணத்தைப் பற்றி நீங்கள் புலம்பும் அதே புலம்பல்தான்.

1937 முதல் 1939 வரை இன்னொரு வேலை செய்தார்கள், அதுதான் என் கண்ணுக்கு மேதைமை. ஏறக்குறைய 5,000 ஆரம்பப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வேலை: வீட்டுக்குப் போ, தாத்தா பாட்டியிடம், பக்கத்து வீட்டுக் கிழவரிடம் கேள், எழுதிக்கொண்டு வா. பேய்க் கதை, மருக்களுக்கு வைத்தியம், வெண்ணெய் திரளாவிட்டால் என்ன செய்வது, பஞ்ச காலத்தில் எந்த வீடு காலியானது, புதையல் எங்கே. பதினொரு, பன்னிரண்டு வயசுக் கையெழுத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒவ்வொன்றின் கீழும் சொன்னவர் பெயர், வயசு, ஊர். இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறுப்பில் இருக்கிறது, 'டூகஸ்' என்ற தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆணையத்தின் தொகுப்பு 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் ஏறியது.

மேடைப்பித்தன், உங்கள் ஹாலவே ஒருவர். இங்கே ஊர் முழுக்கக் குட்டி ஹாலவேக்கள்.

#18 பெல்பாஸ்ற் பொடியன்

நல்ல திட்டம்தான் அக்கா. ஆனால் அந்தப் பள்ளித் திட்டம் தெற்கின் 26 கவுண்டிகளில் (மாவட்டங்களில்) மட்டும் நடந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆறு கவுண்டிப் பிள்ளைகளிடம் அன்று யாரும் கேட்கவில்லை. ஆவண வரைபடத்திலும் எல்லைக்கோடு அப்படியே விழுந்திருக்கிறது.

#19 அடுப்பங்கரை

ஆமாம். அதைச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது, நல்லது.

#20 அடையாறு ஆலமரம்

நமக்கும் இதற்கும் ஒரு பாலம் இருக்கிறது, யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன்.

பெல்பாஸ்ட்டில் பிறந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ். அபி கட்டடம் வருவதற்கு முன்பே, 1902-இல், ஃபே சகோதரர்களின் குழு இவருடைய நாடகங்களைப் போட்டது. 1904-இல் ஜாய்ஸ் கொஞ்ச நாள் தங்கியது இவர் வீட்டில்தான். 1915-இல் அன்னி பெசன்ட் அழைக்க, மனைவி மார்கரெட்டோடு சென்னை வந்து 'நியூ இந்தியா' பத்திரிகையில் சேர்ந்தார். பிறகு மதனப்பள்ளியில் கல்லூரி ஆசிரியர். 1919-இல் தாகூர் அங்கே வந்து தங்கியபோது 'ஜன கண மன' பாட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதியவர் மார்கரெட். அயர்லாந்தில் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை போனவர், இங்கே அடையாறில் 1917-இல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். இருவரும் சேர்ந்து எழுதிய சுயசரிதை 1950-இல் சென்னையிலேயே அச்சானது. ஐரிஷ் நாடக இயக்கத்தின் ஆரம்ப நாட்களுக்கு உள்ளேயிருந்து சொல்லும் சாட்சி அது. டப்ளின்காரர்கள் தேட வேண்டிய காகிதம் சென்னையில் அச்சேறியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 1913 மே 17 அன்று அபி தியேட்டரில் தாகூரின் 'தபால் நிலையம்' மேடையேறியது. அதே மாலையில் பாட்ரிக் பியர்ஸின் ஐரிஷ் மொழி நாடகத்தை அவருடைய பள்ளிப் பிள்ளைகள் நடித்தார்கள், வசூல் அந்தப் பள்ளிக்கு. மூன்று வருஷம் கழித்து ஈஸ்டர் எழுச்சியில் பிரிட்டிஷார் சுட்டுக் கொன்ற அதே பியர்ஸ்தான். மறுவருஷம் யேட்ஸின் சகோதரி நடத்திய கூலா அச்சகம் தாகூர் நாடகத்தைக் கையச்சில் போட்டது, முன்னுரை யேட்ஸ்.

#21 தேநீர்க்கடை

இந்த இழையிலேயே பிரமாதம் இதுதான். பியர்ஸும் தாகூரும் ஒரே டிக்கெட்டில்!

#22 கால்வேக்காற்று

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஆவணத்தில் இருப்பதை மட்டும் கொண்டாடுகிறோம். அபியைத் தொடங்கியவர்களில் ஒருவர் லேடி கிரெகரி, பணம் போட்டவர் ஹார்னிமன். அப்புறம் நூறு வருஷப் பட்டியலில் பெண் நாடகாசிரியர்களைத் தேடிப் பாருங்கள். 2015-இல் அபி, ஈஸ்டர் எழுச்சி நூற்றாண்டுக்கான 2016 நிகழ்ச்சிகளை அறிவித்தது. பத்து நாடகத்தில் ஒன்றுதான் பெண் எழுதியது. அதை எதிர்த்துக் கிளம்பியதுதான் 'வேக்கிங் தி ஃபெமினிஸ்ட்ஸ்' இயக்கம். நவம்பரில் அபி அரங்கையே நிரப்பிக் கூட்டம் போட்டார்கள்.

பழைய நிகழ்ச்சி நிரல்கள் பத்திரமாக இருந்ததால்தான் யாரை விட்டார்கள் என்று எண்ணிக் காட்ட முடிந்தது. ஆனால் திருப்பி அனுப்பிய பிரதிகள்? அவற்றில் எத்தனை பெண்கள் எழுதியவை? அந்தக் காகிதம் ஆசிரியர் வீட்டுக்குப் போய் அங்கேயே மக்கியிருக்கும்.

#23 பழுப்புத்தாள்

இதுதான் சரியான கேள்வி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இயக்கம் கிளம்பியதே சமூக ஊடகத்தில். காகிதம் ஏது? தேசிய நூலகம் இப்போது இணையப் பக்கங்களைச் சேகரிக்கிறது. மரியன் கீஸின் ஒரு நாவல் உருவான கணினிக் கோப்புகளைக்கூட வாங்கி வைத்திருக்கிறது. ஆனால் ஹாலவே கையெழுத்தை நூறு வருஷம் கழித்தும் கண்ணால் படிக்கலாம். பழைய ஃபிளாப்பியைத் திறக்க இன்றைக்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் காப்பகத்தில் யாரோ கொடுத்த நாடகக் குழுவின் ஹார்ட் டிஸ்க் ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது, சுழலவே மறுக்கிறது.

#24 நாலாம்சுவர்

சரி, என் கட்சியில் ஒரு திருத்தம். இலை இலைதான். ஆனால் எங்கள் அடுத்த நாடகத்தின் பிராம்ப்ட் பிரதி டீக்கடைக்குப் போகாது.

#25 மேடைப்பித்தன்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அடுத்த மாதம் அலுவலக வேலையாக லண்டன் வருகிறேன், டப்ளினுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்க முடியும். எதைப் பார்ப்பது, லிஃபி அண்ணா?

#26 லிஃபிக்கரை

ஒரு நாளில் கால்வே வேண்டாம், பஸ்ஸிலேயே போய்விடும். டப்ளினுக்குள் மூன்று இடம், எல்லாம் நடக்கிற தூரம்.

காலையில் கில்டேர் தெரு தேசிய நூலகம். வாசகர் சீட்டு இலவசம், அடையாளத்துக்கு ஒரு சான்று கொண்டு போங்கள். கையெழுத்துப் பிரதி பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு அந்தப் பிரதியின் எண்ணைச் சொல்லிவிடுங்கள், போய் நின்று கேட்டால் உடனே வராது. பென்சில் மட்டும்தான், பேனாவை வெளியே வைக்கச் சொல்வார்கள். மதியம் பியர்ஸ் தெரு நகர நூலகம். 1981-இல் தொடங்கிய ஐரிஷ் நாடக ஆவணம் அங்கே இருக்கிறது. அபி, கேட் என்று பெரிய பெயர்கள் மட்டும் இல்லை, சின்னக் குழுக்கள், அமெச்சூர் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல்கள், உடை வரைபடங்கள் எல்லாம். உங்களுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும் என்று தோன்றுகிறது. நேரம் மிஞ்சினால் மெரியன் சதுக்கம் 73-ஆம் எண், மரபிசை ஆவணக் காப்பகம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய வயலின்காரர்களைக் கேட்கலாம்.

எந்த நாள் என்று முடிவு செய்யும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், வாசிப்பறைகள் பூட்டியிருக்கும். வருகிற தேதியைத் தனிமடலில் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.